நாம்குங் ஹோ எழுதிக் கொடுத்த சான்று

சியோல் நகரத்தின் யோங்சான் மின்னணுச் சந்தைக் கட்டடத்தில் மூன்றாவது மாடி ஏறி இடப்பக்கம் திரும்பினால் எட்டாவது கடை நாம்குங் ஹோவுடையது. உயிர்போன கணினியின் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, உள்ளே மாட்டிக்கொண்ட படங்களையும் கடிதங்களையும் வெளியே எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். இருபது வருடமாக அதே கடை, அதே நாற்காலி. அந்த மாடியில் அவரைவிடக் கைத்திறன் உள்ளவர் கிடையாது என்பதை அவரும் ஒப்புக்கொள்வார், மற்றவர்களும் ஒப்புக்கொள்வார்கள். மற்றவர்கள் கொஞ்சம் எரிச்சலோடு ஒப்புக்கொள்வார்கள்.

ஆள் மோசமில்லை, வாய்தான் மோசம். கடை வாசலில் நின்று அழுகிறவர்களிடம், "அழுதுக்கிட்டே மேல குனியாதீங்க, தண்ணி பட்டா இருக்கறதும் போயிடும்" என்பார். கல்யாணமாகி நாலே வருடத்தில் பிறந்த வீட்டுக்குப் போன மனைவி திரும்பி வரவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "அதைத் திறந்து பாத்தாச்சு, ஒண்ணும் தேறாது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

வேலையில் அவருக்கு ஒரு விதி இருந்தது. கீழே விழுந்த டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. உள்ளே கண்ணாடி மாதிரி வழுவழுப்பான தட்டு சுழல்கிறது. அதன்மேல், தொட்டும் தொடாமலும் ஒரு சின்ன முனை மிதந்துகொண்டே படிக்கிறது. விழுந்த வேகத்தில் அந்த முனை கோணியிருந்தால், ஓடவிட்டவுடன் தட்டை உழுதுவிடும். உழுத இடத்தில் இருந்தது போனது போனதுதான். அதனால் முதலில் தூசி புகாத பெட்டிக்குள் வைத்துத் திறக்க வேண்டும். அதே ரக டிஸ்க் ஒன்றிலிருந்து நல்ல முனையைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும். பிறகுதான் ஓட்டலாம். ஒரு முழு நாள் வேலை. இந்த விதியை அவரே கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அதை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார்.

2013ஆம் வருடம், ஜனவரி மாதக் குளிர். யோம் சூரான் என்ற பெண் ஒரு துண்டில் சுற்றி டிஸ்க்கைக் கொண்டுவந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கோட்டில் துக்க வீட்டு வெள்ளை ரிப்பன் இன்னும் குத்தியிருந்தது.

"எப்படி விழுந்துச்சு?" என்றார் நாம்குங்.

"படியில சார். ஐஸ் உறைஞ்சு கெடந்துச்சு. வீடு மாத்தும்போது மத்த சாமானையெல்லாம் வண்டிக்காரங்ககிட்ட விட்டுட்டேன். அவங்க முரட்டுத்தனமா போட்டுடுவாங்கன்னு கம்ப்யூட்டரை மட்டும் நானே நெஞ்சோட அணைச்சுக்கிட்டு எறங்கினேன். கடைசிப் படியில கால் வழுக்கிடுச்சு."

"அவங்ககிட்டயே விட்டிருக்கலாம்."

"ஆமா சார்," என்றாள் அவள். எதிர்த்துப் பேசக்கூட அவளிடம் தெம்பில்லை.

அவள் கணவன் மோ கில்சூ பார்சல் பிரிக்கும் கிடங்கொன்றில் மேற்பார்வையாளர். போன நவம்பரில் ஒரு விடிகாலை, பார்சல்களை நகர்த்தும் பட்டை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. நாளுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை செய்தார் என்று கம்பெனிப் பதிவேடு சொன்னது. உண்மையில் பதினான்கு, பதினைந்து. கில்சூ தினமும் வீட்டுக்கு வந்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் கணினியில் குறித்து வைப்பார். வேலைப் பளுவால்தான் இறந்தார் என்று நிரூபிக்க வேண்டுமானால் அந்தக் குறிப்பைக் கொண்டுவா என்றது நஷ்ட ஈட்டு அலுவலகம். இழவு வீட்டில் சாராயம் குடித்துவிட்டு, "அண்ணி, நாங்க வந்து சாட்சி சொல்றோம்" என்று மார்தட்டிய மூன்று பேரும் இப்போது போனை எடுப்பதில்லை.

"இதுல இருக்கறது மட்டுந்தான் சார் இருக்கு," என்றாள் சூரான்.

"நாலு மணிக்கு வாங்க. பாத்துச் சொல்றேன்."

அன்று கடையில் கூட்டம். முன்னால் மூன்று பேர் நின்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கடையில் பழைய பாகங்கள் விற்கும் பி என்பவர், கையில் காப்பிக் கோப்பையோடு வந்து கதவில் சாய்ந்துகொண்டார். நாம்குங்கைவிட ஆறு வயது மூத்தவர், அடுத்தவன் வேலை செய்வதைப் பார்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு.

"என்னய்யா, அந்தப் பெட்டியையே தடவிக்கிட்டு இருக்கே? நாடி பிடிச்சுப் பாக்கறியா?"

"சும்மா இருங்கண்ணே."

"போட்டுப் பாரேன். ஓடுதா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும். மகாராஜாவுக்குப் பயமோ?"

ஒரு நொடி சத்தம் மட்டும் கேட்கலாம் என்று நினைத்து நாம்குங் மின்சாரம் கொடுத்தார். டிஸ்க் சுழன்றது. டிக், டிக் என்று இரண்டு தடவை தட்டியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தக் கை போனபோது திரையில் பட்டியல் வந்துவிட்டது. பாட்டுகள், கல்யாணப் படங்கள், அவற்றுக்குக் கீழே ஒரு சின்னக் கோப்பு. 'கில்சூ நேரம்'.

அவ்வளவு சின்னக் கோப்பு. இழுத்துப் போட்டால் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். நாலு மணிக்கு அந்தப் பெண் வரும்போது கையில் கொடுக்கலாம். பி வாயைப் பிளந்து பார்ப்பார். நாம்குங் நிறுத்தவில்லை. இழுத்தார்.

பாதியில் உள்ளேயிருந்து தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. பட்டியல் மறைந்தது. மின்சாரத்தைப் பிடுங்கினார். பெட்டிக்குள் வைத்துத் திறந்து பார்த்தபோது தட்டைச் சுற்றி வளையமாக ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் கரித்தூள். இனி உலகத்தில் எவன் கையிலும் அது வராது.

பி கோப்பையைக் கீழே வைத்தார். "போச்சா?"

நாம்குங் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"அவ கீழ போட்டதுல போச்சு. அப்படித்தான? வேற எப்படிப் போகும்?" என்று சொல்லிவிட்டு பி தன் கடைக்குப் போனார்.

நாலு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே சூரான் வந்துவிட்டாள். வெளியே எங்கோ நின்றுகொண்டே இருந்திருக்கிறாள், உதடு நீலம் பாரித்திருந்தது. நாம்குங் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டை மட்டும் காட்டினார்.

"விழுந்த வேகத்துல உள்ள மொத்தமா கீறிடுச்சும்மா. இங்க வரும்போதே முடிஞ்சு போயிருந்துச்சு."

அவள் அந்தக் கரிய வளையத்தை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப நாந்தான்," என்றாள். அது கேள்வி இல்லை. 'இல்லம்மா' என்று ஒரு சொல் சொல்ல அவருக்கு அவகாசம் இருந்தது. சொல்லவில்லை.

பிறகு அவள், ஏன் எடுக்க முடியவில்லை என்று அலுவலகத்தில் காட்ட ஒரு சான்று எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். கடைப் பெயர் அச்சிட்ட தாளில் அவர் எழுதினார்: கீழே விழுந்த அதிர்ச்சியால் உள்தட்டுகள் முற்றிலும் சிதைந்துள்ளன. தகவலை மீட்க வழியில்லை. கடைக்கு வரும்போதே வட்டு இந்நிலையில்தான் இருந்தது. மூன்றாவது வாக்கியத்தை அவள் கேட்கவில்லை, அவராகச் சேர்த்தார். சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தார். கூலி வேண்டாம் என்றார். அவள் இடுப்பு வரை குனிந்து மூன்று தடவை வணங்கிவிட்டு, "ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு" என்று சொல்லிப் போனாள்.

முதல் சில மாதங்கள் நாம்குங்குக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இறங்கியது. பி மட்டும் அவ்வப்போது, யாராவது விழுந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தால், எதிர்க் கடையிலிருந்தே குரல் கொடுப்பார். "பாத்து, நல்ல மனசு சார்!" அதற்கும் பழகிப்போயிற்று.

ஐந்து வருடங்களுக்குப் பிறகு, ஓர் அக்டோபர் மதியம், சாப்பாட்டுக்காரம்மா தலையில் தட்டோடு மாடி மாடியாகக் கிம்ச்சிக் குழம்பு கொடுத்துக்கொண்டு போன நேரத்தில், சூரான் மறுபடி வந்தாள். இளைத்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, கையெல்லாம் சுட்ட தழும்பு. அதே துண்டில் சுற்றிய அதே டிஸ்க்.

"இப்போ புதுசு புதுசா மெஷின் வந்திருக்காமே சார். ஒருதடவை பாருங்களேன். அலுவலகத்துக்கு இல்ல, அங்க தள்ளுபடி பண்ணி கெடு தாண்டிப் போச்சு. வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்கு எதுக்கும்மா?"

அவள் சொல்லத் தயங்கினாள். அப்புறம், யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும் என்பதுபோலச் சொன்னாள். மாமியார் தேயானில் இருக்கிறார். மகனின் நினைவு நாளுக்கு வருடா வருடம் சூரான் போய்ப் படையல் சமைக்க வேண்டும். பழம், மீன், சூப் எல்லாம் வைத்து முடிந்ததும், கில்சூவின் படத்துக்கு முன்னால் மாமியார் அந்தச் சான்றை எடுத்து அவள் கையில் கொடுப்பார். அவள் மண்டியிட்டு அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். தன் உழைப்புக்கு இருந்த ஒரே அத்தாட்சியை யார் உடைத்தார்கள் என்று செத்தவன் காதால் கேட்க வேண்டுமாம்.

"அஞ்சு வருஷமாச்சு சார். இப்பல்லாம் பேப்பரே வேண்டாம். 'கீழே விழுந்த அதிர்ச்சியால் உள்தட்டுகள் முற்றிலும் சிதைந்துள்ளன. தகவலை மீட்க வழியில்லை. கடைக்கு வரும்போதே வட்டு இந்நிலையில்தான் இருந்தது.'" பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கல்யாணப் படம் ஒண்ணாவது எடுத்துக் குடுத்தா, அதைக் காட்டி நிறுத்தச் சொல்லலாம்னு பாக்கறேன்."

நாம்குங் எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பவும் உட்கார அவருக்குத் தோன்றவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மின்சாரம் கொடுத்தது, பட்டியல் வந்தது, நிறுத்தாதது.

சூரான் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்.

"அந்த ஃபைலைக் கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன பேரு?"

"'கில்சூ நேரம்'னு இருந்துச்சு."

"அவர் அப்படித்தான் வெப்பார்," என்றாள். "பாட்டு வெச்சிருந்தா 'கில்சூ பாட்டு'. பில்லு வெச்சிருந்தா 'கில்சூ பில்லு'. யாரு திருடிட்டுப் போகப் போறாங்கன்னு நான் கிண்டல் பண்ணுவேன்." துண்டை எடுத்து மடித்தாள். நாலாக மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அன்னிக்கு நான் அத நல்லாத்தான் கொண்டுவந்து குடுத்திருக்கேன்."

"ஆமாம்மா."

"பேப்பர் எடுங்க. இப்போ சொன்னதை எழுதுங்க. முத்திரை குத்துங்க. நீங்களும் வர்றீங்க, அத்தை முன்னாடி உங்க வாயால படிக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் தேயான் பஸ்ஸில் போனார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். குவாக் கிழவி, கில்சூவின் தாய், வெதுவெதுப்பான தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழுபத்தாறு வயது. கண்ணில் புரை, கையில் மட்டும் வேகம் குறையவில்லை.

"யாருடி இது? புதுசா ஆளு புடிச்சுட்டியா?"

"கம்ப்யூட்டர் கடைக்காரர் அத்தை. சான்று எழுதினவர்."

நாம்குங் மண்டியிட்டு உட்கார்ந்து படித்தார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. தவறு முழுக்கத் தன்னுடையது, விழுந்ததால் தகவல் அழியவில்லை, தான் விதியை மீறி ஓட்டியதால்தான் அழிந்தது, சூரானுக்கு இதில் பங்கில்லை. படித்து முடித்து நெற்றி தரையில் படக் குனிந்தார்.

கிழவி ஒரு பல்லை உரித்து முடித்துக் கூடையில் போட்டாள். "எவ்வளவு குடுத்தா?"

"யாரும்மா?"

"இந்தச் சிறுக்கிதான். இப்படி வந்து படின்னு எவ்வளவு குடுத்தா உனக்கு?"

"ஒண்ணும் குடுக்கலம்மா. சத்தியமா. அன்னிக்கு எழுதினதுதான் பொய்யி."

"அன்னிக்கு எழுதினதுல முத்திரை இருக்கே."

"இதுலயும் இருக்கும்மா."

"அன்னிக்குப் பொய்க்குக் குத்தினவன் இன்னிக்கு நெசத்துக்குத்தான் குத்துவான்னு எனக்கு என்னப்பா நிச்சயம்? நீயே சொல்லு. நீ பொய்யன்னு நீயே சொல்லிக்கிட்டு வந்திருக்கே. பொய்யன் பேச்ச நான் ஏன் நம்பணும்?"

கிழவி அவர் கையிலிருந்த தாளை வாங்கினாள், கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பதுபோலப் பாவனை செய்தாள், பிறகு அதைத் தரையில் விரித்து, உரித்த பூண்டுத் தோலையெல்லாம் கையால் கூட்டி அதில் அள்ளிச் சுருட்டினாள்.

"கொண்டுபோய்க் குப்பையில போடுடி. வரும்போது இந்தக் கூடையக் கழுவிட்டு வா."

சூரான் எழுந்து போய்ப் போட்டுவிட்டு, கூடையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். சியோலில் இறங்கியபின்தான் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு நாலு மணிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, உங்களை நாலு அறை அறைஞ்சிருப்பேன். அங்கேயே உக்காந்து அழுதிருப்பேன். அப்புறம் வீட்டுக்குப் போயிருப்பேன். அவ்ளோதான் சார் ஆகியிருக்கும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டத்தில் கலந்து போய்விட்டாள்.

நாம்குங்கால் சும்மா இருக்க முடியவில்லை. கிழவியைத் தானே சமாதானப்படுத்திவிடலாம் என்று நினைத்தார். ஒரு மாதம் கழித்து ஒரு பெட்டி பேரிக்காயோடு தனியாக தேயான் போனார். கிழவி பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். குளிரில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடித்தார். சந்திரப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் மறுபடி போனார். இந்தத் தடவை உள்ளே விட்டாள், பேசவிடவில்லை. தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு பூண்டு உரித்தாள்.

மூன்றாவது தடவை, மறுபடி பேரிக்காயோடு, போனது ஏப்ரலில். அவர் பேச்செடுக்கவில்லை. தானும் ஒரு கத்தியை எடுத்துப் பூண்டு உரிக்க உட்கார்ந்தார். ஒரு கூடை முடிந்தபிறகு கிழவியே தொலைக்காட்சியை நிறுத்தினாள்.

"நீ சொன்னது நெசம்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

நாம்குங்கின் கை நின்றது.

"பொய்க்குக் காசு வாங்கினவன் குரல் அப்படி உடையாது. நான் என்ன குருடியா? கண்ணுலதான் புரை, காதுல இல்ல."

"அப்போ ஏம்மா மருமக கிட்ட..."

"நம்பிட்டேன்னு வெச்சுக்கோ. அப்புறம் நான் யாரைத் திட்டுவேன்? உன்னையா? நீ யாரு எனக்கு? வழியில போற ஆளு. உன்னைத் திட்டினா காத்தைத் திட்டின மாதிரி. கம்பெனிக்காரனைத் திட்டவா? அவன் வாசல்ல ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன், தண்ணியக் கொண்டாந்து காலடியில ஊத்தினாங்க. இவ ஒருத்திதான் வருஷா வருஷம் வந்து தலையக் குனிஞ்சு நிக்கறா. என் புள்ளைக்காக நான் கோவப்பட இவளாவது வேணும்ல?" கிழவி அடுத்த கூடையை இழுத்துக்கொண்டாள். "கத்திய அங்க வெச்சுட்டுப் போ. பேரிக்கா இந்தத் தடவை மாவா இருக்கு."

பஸ் நிலையத்திலிருந்தே நாம்குங் சூரானுக்குப் போன் செய்தார். இதையும் மறைத்தால் தான் மனிதனே இல்லை என்று அவருக்குப் பட்டது. கிழவி சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். உங்க மேல தப்பில்லன்னு அவங்களுக்கே தெரியும்மா, தெரிஞ்சுதான் இப்படிப் பண்றாங்க என்றார். பின்னால் பள்ளிச் சமையலறையின் பாத்திரச் சத்தம் கேட்டது.

"எனக்கும் தெரியும் சார்," என்றாள் சூரான். "பூண்டுத் தோலை அள்ளும்போது அவங்க கை நடுங்குச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

"தெரிஞ்சுமா அங்க போறீங்க?"

"எங்க வீட்டுக்காரர் படையல் அங்கதான இருக்கு." யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "சார், ஒண்ணு கேக்கறேன். எத்தனை தடவை போனீங்க?"

"மூணு தடவை. உங்களுக்காகத்தாம்மா."

"நெனச்சேன். ஒவ்வொரு தடவை நீங்க போயிட்டு வந்ததும் அன்னிக்கே எனக்குப் போன் வரும். ஆள் அனுப்பறியா, வக்காலத்துக்கு ஆம்பளையத் தேடிக்கிட்டியா, என் புள்ள எலும்பு கூட இன்னும் மக்கலன்னு ஒரு மணி நேரம் திட்டுவாங்க. புத்தாண்டு வாரத்துல மூணு நாள் திட்டினாங்க. யாரைச் சொல்றாங்கன்னு அப்போ புரியல." மூச்சு வாங்கினாள். "இன்னிக்கும் வரும். போகாதீங்க சார். எனக்குப் போனும் பண்ணாதீங்க. நீங்க எனக்கு எந்த நல்லதும் செய்ய வேண்டாம்."

"சரிம்மா," என்றார் நாம்குங்.

அவள் வைத்துவிட்டாள். பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தார். பூண்டு வாடை கையிலிருந்து போகவில்லை, பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு அவர் தேயான் பக்கம் போகவில்லை, சூரானுக்குப் போன் செய்யவும் இல்லை. அவளுக்காக அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்.